உதட்டில் வைத்துப் பார்த்த ரப்பர்

ரொம்ப நாளாகிவிட்டது இந்தப் பக்கம் எழுதி. மார்ச் முடிகிற வரைக்கும் வங்கிக்காரன் தன் வீட்டிலேயே விருந்தாளி என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். இந்தத் தடவை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு ரப்பர் பேண்ட். சிரிக்காதீர்கள். பி.காம். படித்தவனுக்கு இந்த வேலை எதற்கு என்றும் கேட்காதீர்கள். அதை வீட்டுக்காரம்மா ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.

2009ல் நாக்பூரில் ஒரு கிளையில் கேஷ் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டுக் கட்டில் ஸ்டேப்ளர் பின் அடிக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2001ல் சொன்னதிலிருந்து, கேஷியர்களின் வாழ்க்கை காகிதப் பட்டையிலும் ரப்பர் பேண்டிலும்தான் ஓடுகிறது. 100 நோட்டு ஒரு பாக்கெட், 10 பாக்கெட் ஒரு பண்டல். மே மாதம் நாக்பூர் வெயிலுக்குப் பழைய ரப்பர் பேண்டுகள் நோட்டோடு ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும். அதைப் பிரித்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

எங்கள் கிளையில் டெலிபோன் ஆபரேட்டராக ஒருவர் இருந்தார். பிறவியிலேயே கண் பார்வை இல்லாதவர். எல்லோரும் அவரை 'பாவூ' என்போம், மராட்டியில் அண்ணா என்று அர்த்தம். சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமிருந்தால் கேஷ் கேபின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். கை சும்மா இருக்காது. ஒருநாள் அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தவர், அதை உதட்டருகே கொண்டுபோய், "ஸாப், இழுத்தால் சுடுகிறது, விட்டால் ஜில்லென்று ஆகிறது" என்றார், ஹிந்தியில்தான். நான் நோட்டு எண்ணுகிற மும்முரத்தில் தலையைக்கூடத் தூக்காமல், "உங்க கைச்சூடு பாவூ" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு ரப்பர் பேண்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இது எனக்கு மறந்தே போயிருந்தது. போன வருடம் பதினோராம் வகுப்புப் படிக்கிற என் மகள், தலைமுடிக்குப் போடுகிற ரப்பர் பேண்டை இழுத்து என் உதட்டில் வைத்து, "சூடா இருக்காப்பா?" என்று கேட்டாள். இருந்தது. அரை நிமிடம் இழுத்தபடியே பிடித்திருந்து, சட்டென்று தளர்த்தி மறுபடி வைத்தாள். ஜில்லென்று இருந்தது. கைச்சூடு என்றால் விட்டதும் எப்படிக் குளிரும்? அப்போதுதான் நாக்பூர் கேபினும், பாவூ ரப்பர் பேண்டை மேஜையில் வைத்த சத்தமும் ஞாபகத்துக்கு வந்தன.

அன்றிலிருந்து இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் கிடைத்த பெயரே என்னை நிமிர்ந்து உட்கார வைத்துவிட்டது. ரப்பர் இழுத்தால் சூடாகிறது என்பதை முதன்முதலில் எழுதி வைத்தவர் ஒரு கண் தெரியாத மனிதர்.

ஜான் கஃப் என்று பெயர். 1757ல் இங்கிலாந்தின் வடக்கே கெண்டல் என்ற ஊரில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே அம்மை போட்டுப் பார்வை போய்விட்டது. ஆனால் மனிதர் கணக்கில் புலி. செடிகொடிகளைத் தொட்டும் முகர்ந்தும் நாக்கில் வைத்தும் இன்னதென்று சொல்லிவிடுவாராம். விரலைவிட உதடு நுணுக்கமானது என்பது அவருக்குப் பழக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். மான்செஸ்டர் இலக்கிய, தத்துவக் கழகத்தின் ஏட்டில் 1805ல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் மூன்று சோதனைகள் இருக்கின்றன. முதலாவது, பாவூ செய்த அதே வேலை: ரப்பர் துண்டை உதட்டில் தொட்டுக்கொண்டு இழுத்தால் சூடு, தளர்த்தினால் குளிர்ச்சி. இரண்டாவது, ரப்பரில் எடையைத் தொங்கவிட்டுச் சூடுபடுத்தினால் அது நீளாமல் சுருங்குகிறது. மூன்றாவது, இழுத்த ரப்பரைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் திரும்பிச் சுருங்குகிற சக்தி போய்விடுகிறது. வெந்நீர் காட்டினால் வந்துவிடுகிறது.

இரண்டாவது சோதனையைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இரும்பு சூட்டில் நீளும். ரயில் தண்டவாளத்தில் ஏன் இடைவெளி விட்டார்கள் என்பது ஆறாம் வகுப்புப் பாடம். ரப்பர் மட்டும் ஏன் தலைகீழ்? நானும் மகளும் வீட்டில் செய்து பார்த்தோம். வெட்டிய ரப்பர் பேண்டில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு, முடி உலர்த்துகிற டிரையரைக் காட்டினோம். பூட்டு கண்ணால் பார்க்கும் அளவுக்கு மேலே ஏறியது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் செய்து காட்டுங்கள், பத்து நிமிட வேலை.

கஃப் காலத்தில் வெப்பம் என்பது 'கலோரிக்' என்கிற ஒரு மாதிரியான கண்ணுக்குத் தெரியாத திரவம் என்று நம்பினார்கள். அவரும் அதை வைத்தே விளக்கம் சொன்னார். விளக்கம் தப்பு, கவனித்தது ஒவ்வொன்றும் சரி. 'இந்தியா ரப்பர்' என்றுதான் கட்டுரைத் தலைப்பில் வருகிறது. உடனே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம் :) அமெரிக்கக் கண்டத்துப் பக்கத்தை 'இந்தியத் தீவுகள்' என்று சொன்ன வழக்கத்தில் வந்த பெயர் அது.

இந்தக் கஃபிடம் பாடம் கேட்ட பையன்களில் ஒருவர் யார் தெரியுமா? ஜான் டால்டன். அணுக் கொள்கை தந்த அதே டால்டன். கெண்டலில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது கணிதம், லத்தீன், வானிலை பார்ப்பது என்று கஃபிடம்தான் கற்றுக்கொண்டார். டால்டனுக்கு நிறக்குருடு, அதைப் பற்றி அவரே 1794ல் கட்டுரை வாசித்தார். பிறகு மான்செஸ்டர் போன டால்டன், வயதான காலத்தில் பீர் தொழிற்சாலை முதலாளி ஒருவரின் மகன்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அதில் ஒரு பையன் பெயர் ஜேம்ஸ் ஜூல். நாம் பள்ளியில் படித்த 'ஜூல்' அலகு அவர் பெயர்தான்.

கஃப் எழுதி 50 வருடங்களுக்கு மேல் கழிந்து, அவருடைய மாணவருக்கு மாணவரான இந்த ஜூல்தான் அந்த ரப்பரை மறுபடி கையில் எடுத்தார். தூண்டிவிட்டது வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு. தாம்சனின் வாதம் எங்கள் இரட்டைப் பதிவுக் கணக்கு மாதிரியே இருக்கிறது. இழுத்தால் சூடாகிற ஒரு பொருள், சூடுபடுத்தினால் சுருங்கியே ஆக வேண்டும். ஒரு பக்கம் டெபிட் இருந்தால் மறுபக்கம் கிரெடிட் இருந்தே தீரும். இரும்பு இதற்கு நேர் எதிர்: இழுத்தால் துளி குளிரும், சூட்டில் நீளும். அங்கும் கணக்கு டாலி ஆகிறது. ஜூல் மிக நுட்பமான வெப்ப அளவியை வைத்து அளந்து, 1859ல் வெளியிட்ட கட்டுரையில் கஃப் சொன்னது சரி என்று உறுதி செய்தார். ரொம்பக் கொஞ்சமாக இழுக்கும்போது ரப்பரும் லேசாகக் குளிர்ந்து, அப்புறம்தான் சூடேறுகிறது என்பதையும் அவர் பிடித்துவிட்டார். அது உதட்டுக்குத் தெரியாது. இன்றைக்கும் இதற்குப் புத்தகங்களில் 'கஃப்-ஜூல் விளைவு' என்றே பெயர்.

இரண்டு பேர் கையிலும் இருந்தது ஒரே ரப்பர் இல்லை. கஃப் வைத்திருந்தது பச்சை ரப்பர். வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். நடுவில் 1839ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் இந்த இரண்டு குறையும் போவதைக் கண்டுபிடித்தார். ஜூல் சோதித்ததில் அந்தப் பதப்படுத்திய ரப்பரும் உண்டு. குட்இயர் கதை எங்கள் கடன் பிரிவுக்காரர்கள் படிக்க வேண்டியது. கடனுக்காகப் பல தடவை சிறைக்குப் போனவர். 1844ல் காப்புரிமை கிடைத்தும் 1860ல் இறக்கும்போது சுமார் 2 லட்சம் டாலர் கடன். அவர் பெயரில் இருக்கிற டயர் கம்பெனி 1898ல் யாரோ ஆரம்பித்தது, குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, 'ஏன்' என்ற கேள்விக்கு வருவோம். ஜூல் அளந்தாரே தவிர, ரப்பருக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்கும் தெரிய வழியில்லை. அதற்கு ரப்பர் எதனால் ஆனது என்று முதலில் தெரிய வேண்டும். 1920ல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர், இவையெல்லாம் ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் என்றார். அவ்வளவு பெரிய மூலக்கூறு இருக்க முடியாது என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் ஏளனம் செய்தார்கள். 1953ல் நோபல் பரிசு வாங்கும்போது அவருக்கு வயது 72. சங்கிலி என்று ஒப்புக்கொண்ட பிறகு விடை சீக்கிரமே வந்துவிட்டது. 1930களில் மேயர், கூன், வியன்னாவில் குத், மார்க் என்று பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த ஹெர்மன் மார்க் பற்றி ஒரு வரி சொல்லாமல் போக மனசு வரவில்லை. 1938ல் ஹிட்லர் படை ஆஸ்திரியாவுக்குள் வந்ததும் இவர் தப்பி ஓட வேண்டிய நிலை. பணத்தை வெளியே கொண்டுபோக முடியாது. சேமிப்பைப் பிளாட்டினம் கம்பியாக வாங்கி, அதைக் கோட்டு மாட்டுகிற ஹேங்கராக வளைத்து, துணி மாட்டிக் காரில் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிவிட்டார். இந்த மாதிரிப் பணப் பரிமாற்றம் எந்தச் சுற்றறிக்கையிலும் வராது.

அவர்கள் கண்ட விடையை என் மகளுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். குடியரசு தின ஒத்திகை. 40 பிள்ளைகள் கைகோத்து ஒரே சங்கிலியாக நிற்கிறார்கள். இந்த முனையைப் பி.டி. மாஸ்டர் பிடித்திருக்கிறார், அந்த முனையை இன்னொரு டீச்சர். பிள்ளைகள் சும்மா நிற்குமா? குதிக்கும், திரும்பும், குனியும். யாரும் வேண்டுமென்று இழுக்கவில்லை. ஆனாலும் இரண்டு முனையிலும் நிற்பவர்களுக்கு உள்பக்கமாக ஓர் இழுப்பு தெரியும். நேராக நிற்க ஒரே ஒரு வழிதான், கோணலாக நிற்க ஆயிரம் வழி. விட்டால் கோணலாகத்தான் போகும். பிள்ளைகள் அதிகம் குதிக்கக் குதிக்க இழுப்பும் கூடும். ரப்பரின் இழுவிசை அவ்வளவுதான். மூலக்கூறுகள் குதிப்பதைத்தான் நாம் வெப்பம் என்கிறோம், அதனால் சூடேற்றினால் ரப்பர் இன்னும் பலமாகச் சுருங்குகிறது. பிடித்த நீளத்தில் இழுவிசை ஏறக்குறைய கெல்வின் வெப்பநிலை அளவில் கூடுகிறது. 27 டிகிரி என்பது 300 கெல்வின், 57 டிகிரி 330 கெல்வின். இழுப்பு 10 சதவீதம் கூடும். கந்தகத்தின் வேலை, பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை அங்கங்கே முடிச்சுப் போட்டு வைப்பது. முடிச்சு இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இதிலிருந்து வருகிற ஒரு விஷயம்தான் வங்கிக்காரனான எனக்கு ரொம்பப் பிடித்தது. இரும்பு ஸ்பிரிங்கை இழுத்தால், நாம் செலவழித்த சக்தி அதன் அணுக்களுக்கு இடையில் டெபாசிட் ஆகிறது, விட்டால் அப்படியே திருப்பித் தருகிறது. ஃபிக்சட் டெபாசிட். ரப்பர் அப்படி இல்லை. நாம் போட்ட சக்தி ஏறக்குறைய முழுவதும் அப்போதே வெப்பமாகக் கவுண்டரைவிட்டு வெளியே போய்விடுகிறது. அதுதான் உதட்டில் படுகிற சூடு. அப்படியானால் திரும்பிச் சுருங்கும்போது செய்கிற வேலைக்குச் சக்தி எங்கிருந்து? தன்னிடமும் சுற்றிலும் இருக்கிற வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதுதான் அந்த ஜில். இழுத்து வைத்த ரப்பரின் அக்கவுண்டில் பேலன்ஸ் கிடையாது, ஓவர்டிராஃப்ட் லிமிட் மட்டும் இருக்கிறது. அந்த லிமிட்டுக்கு அறிவியல்காரர்கள் என்ட்ரோப்பி கணக்கு என்கிறார்கள்.

எவ்வளவு இழுத்தால் எவ்வளவு விசை என்பதிலும் ரப்பர் தனி வழி. இழுப்புக்கு ஏற்ற விசை என்று ராபர்ட் ஹூக் 1678ல் சொன்ன நேர்கோட்டுக் கணக்கு இதற்குப் பொருந்தாது. பிறந்தநாளுக்குப் பலூன் ஊதிய அப்பாக்களுக்கு இது தெரியும்: முதல் ஊதல் கன்னம் வலிக்கும், நடுவில் சுலபம், கடைசியில் மறுபடி இறுகும். கடைசியில் இறுகுவது சங்கிலிகள் கிட்டத்தட்ட நேராகிவிட்டதால். அப்போது அவை பக்கம் பக்கமாக வரிசைகட்டிப் படிகமாகவே மாறுகின்றன என்று 1925ல் காட்ஸ் என்பவர் எக்ஸ்-கதிரில் கண்டார். இந்த வளைகோட்டைத் துல்லியமாக அளந்தவர் டிரெலோர். இங்கிலாந்தில் வெல்வின் கார்டன் சிட்டியில் ரப்பரை ஏழு மடங்குக்கும் மேலே இழுத்து 1944ல் அவர் வெளியிட்ட எண்களை வைத்துத்தான், இன்றைக்கும் புதிதாகச் சூத்திரம் எழுதுகிறவர்கள் தங்கள் கணக்கைச் சரிபார்க்கிறார்கள்.

அந்தச் சோதனைச்சாலை 1938ல் ரப்பர் உற்பத்தியாளர்கள் பணத்தில் ஆரம்பித்தது. அன்றைக்கு ரப்பர் என்றால் மலாயா, மலாயாத் தோட்டம் என்றால் பெரும்பாலும் நம் ஆட்கள். என் தாத்தாவின் அண்ணன் பேராக் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்னே போய் மரத்தில் கோடு கீறி, பால் வடிந்த கோப்பைகளை வெயில் ஏறுவதற்குள் சேர்க்க வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஒரு கடிதம்தான் எங்களிடம் இருக்கிறது. 1942ல் ஜப்பான் மலாயாவைப் பிடித்தது. சயாம்-பர்மா ரயில் பாதை போட ஆயிரமாயிரமாய்த் தமிழர்களைத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோனார்கள். அவரும் அதில் போனதாகத்தான் ஊரில் சொன்னார்கள். திரும்பவில்லை. டிரெலோரின் வரைபடத்தைத் திரையில் பார்த்தபோது ஆண்டு 1944 என்பது மட்டும் கண்ணில் நின்றது. அவர் வெட்டிய பாலில் ஒரு காசாவது அந்தச் சோதனைச்சாலைக்குப் போயிருக்கலாம்.

கஃபின் மூன்றாவது சோதனை, குளிர்ந்த தண்ணீர், அதுவும் பிறகு ஒருமுறை பெரிய அளவில் திரும்பி வந்தது. 1986 ஜனவரி 28, சாலஞ்சர் விண்கலம் வெடித்து 7 பேர் இறந்தார்கள். ராக்கெட் இணைப்பை அடைக்கிற ரப்பர் வளையம் அன்று காலைக் குளிரில் இறுகி, சட்டென்று விரிந்து அடைக்க முடியாமல் போனதுதான் காரணம். முந்தைய இரவே பொறியாளர்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், கேட்கவில்லை. விசாரணையின்போது ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த ரப்பரை ஒரு கிளாம்பில் அழுத்தி ஐஸ் தண்ணீரில் போட்டு, எடுத்துக் காட்டினார். உடனே பழைய வடிவத்துக்கு வரவில்லை. கஃபின் பச்சை ரப்பர் விறைத்தது படிகமானதால், இந்த ரப்பர் சோம்பிப்போனது சங்கிலிகளின் அசைவே மந்தமானதால். காரணம் வேறு வேறு. ஆனால் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் இரண்டு இடத்திலும் போதுமாக இருந்தது.

இப்போது ஆராய்ச்சி ஜெல் பக்கம் போயிருக்கிறது. அதே சங்கிலி வலை, நடுவே நிறையத் தண்ணீர், நம்ம ஜெல்லி மிட்டாய் மாதிரி. ஜெல்லியை இழுத்தால் பிய்ந்துவிடும் என்பதுதான் நம் அனுபவம். 2003ல் ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஜியான் பிங் கோங் குழுவினர் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வலை பின்னி, முதல் வலை உடைந்து இரண்டாவதைக் காப்பாற்றுகிற மாதிரி செய்தார்கள். வட்டியைத் தள்ளுபடி செய்து அசலைக் காப்பாற்றுகிற ஒன் டைம் செட்டில்மென்ட் என்று நான் புரிந்துகொண்டேன். 2012ல் ஹார்வர்டில் ஜிகாங் சுவோ குழு, முக்கால் பங்குக்கு மேல் தண்ணீராக இருக்கிற ஜெல்லை 20 மடங்கு நீளத்துக்கு இழுத்தே காட்டியது.

இவ்வளவும் படித்த பிறகு பாவூவுக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். 2009ல் நடந்ததைச் சொல்லி, "நீங்க சொன்னதுதான் சரி பாவூ, கைச்சூடு இல்லை" என்றேன். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கஃப் கதையை முழுவதும் கேட்டார். டால்டன், ஜூல் எல்லாவற்றுக்கும் 'ம்' மட்டும். முடித்ததும், "அந்தக் கஃப் ஸாப் சொன்னதை எத்தனை வருஷம் கழித்துச் சரிபார்த்தார்கள்?" என்றார்.

"ஐம்பது வருஷத்துக்கு மேலே ஆச்சு."

"அப்போ நீங்க பரவாயில்லை, பதினஞ்சுதான்" என்று சிரித்துவிட்டு, மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.